கலங்கரை விளக்கமும் கற்படிமமும்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் பரதவர் ஊர் ஒன்று உளது. அது திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கு அணித்தாக அமைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அக்கரையில் கப்பல்களுக்கென எழுந்த விளக்கே ஊருக்குப் பெயராயிற்று. சிலப்பதிகாரக் காலந்தொட்டே 'கலங்கரை விளக்கம்' என்னும் அழகிய தொடர் தமிழில் இருக்க, பரதவர் நாவில் ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட்டது. இதனைக் குறையென யாம் கூறவரவில்லை. 'குப்பம்' என்னும் தமிழ்ச் சொல்லின் முன் 'லைட்ஹவுஸ்' வந்து ஒட்டிக்கொண்டு, இருசொல்லும் ஒரு குடும்பமாய் வாழ்கின்றமை கடற்கரையின் இயல்புக்கு ஏற்றதே.

முதுகலை மாணவர் சிலருடன் யாம் அவ்வூருக்குச் சென்றிருந்தேம். நெய்தல் திணைப் பாடல்களை வகுப்பறையில் நடத்துவதினும் ஒருமுறை உப்பங்காற்றில் நின்று நடத்துதல் நன்று என்பது எம் நெடுநாளைய எண்ணம். விளக்குத் தூணின் நிழலில் அமர்ந்து பெரும்பாணாற்றுப்படையின் துறைமுகப் பகுதியை விளக்கிக்கொண்டிருந்த பொழுது மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார்: விளக்கு வருவோரையெல்லாம் அழைக்கின்றது, அழைத்தல் அறமே. ஆயின், ஏரிக்கு அப்பால் தெரியும் ஒல்லாந்தர் கோட்டைக்கு அடிமைகளை ஏற்றிச்செல்ல வந்த கலங்களையும் ஒரு விளக்கு அவ்வாறே அழைத்திருக்குமன்றோ? அவ்வழைப்பும் அறமாகுமோ? இவ்வினாவுக்கு யாம் உடனே விடை கூறவியலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவினின்று பிறந்தது.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். 'கலங்கரை' என்பதில் உள்ள 'கரை' என்பதனைக் கடற்கரை எனக் கொண்டு, கலங்களுக்குக் கரையை அறிவிக்கும் விளக்கம் எனப் பொருள் கூறுவாரும் உளர். அது பொருந்தாமை பெரும்பாணாற்றுப்படையால் விளங்கும். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டு, நீர்ப்பெயற்று என்னும் துறையைக் கூறுமிடத்து ஓங்கிய மாடம் ஒன்றை வருணிக்கின்றது. வானத்தைத் தாங்க ஊன்றிய முட்டுக்கோல்போல் அம்மாடம் நிற்கும், ஏணி சார்த்தியிருப்பினும் ஏறுதற்கு அரியது, புல் வேயப்படாதது, அதன் உச்சியில் இரவில் ஏற்றப்பெறும் தீ, ஆழ்கடலில் திசை தெரியாது ஓடுங் கலங்களைக் கூவி அழைக்கும். இவ்வழைத்தற் பொருளில் புலவர் ஆளும் சொல் 'கரையும்' என்னும் பெயரெச்சம். ஆதலின் கலங்கரை விளக்கம் என்பது கலத்தைக் கரைகின்ற, அஃதாவது அழைக்கின்ற, விளக்கம் எனக் கோடலே தக்கது.

கரைதல் என்னும் வினை தமிழில் பெரும்பாலும் காக்கைக்கு உரியது. காக்கை தனக்குக் கிடைத்ததை மறையாது இனத்தை அழைத்து உண்ணும் எனச் சுற்றந்தழால் அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறுமிடத்தும் அவ்வினையே வருகின்றது. குறுந்தொகையில் நச்செள்ளையார், விருந்து வரக் கரைந்த காக்கைக்குப் பலி மிகுதியாக இடினும் சிறிதே எனத் தோழி கூற்றாகப் பாடிக் காக்கைபாடினியார் என்னும் பெயரே பெற்றார். எனவே நம் முன்னோர் கடல்விளக்குக்குப் பெயரிட்ட பொழுது ஒளியை மட்டும் நோக்கிற்றிலர். விருந்தினர் வரவை அறிவிக்கும் ஒரு குரலையும் அதில் கேட்டனர் என்று கொள்ள இடமுண்டு. பிறமொழிகள் பல இதனை விளக்குவீடு என்றோ ஒளிக்கோபுரம் என்றோ வழங்க, தமிழ் அதனை வாயுடையதாக்கிற்று.

இவ்விளக்கைப் பாடிய பாட்டு தொண்டை நாட்டுக்குரியது என்பது கருதத்தக்கது. பழவேற்காடும் அந்நாட்டுக் கடற்கரையே. நீர்ப்பெயற்று என்பதனை மாமல்லபுரம் எனக் கருதுவார் உளர். யாம் அவ்வாராய்ச்சியில் ஈண்டுப் புகவில்லை. பாட்டுடைத் தலைவனின் குடிவரலாறு அதனினும் எம்மை ஈர்க்கின்றது. இளந்திரையன் கடல் திரை தந்த மரபினன் என்று பாட்டே குறிக்கின்றது. சோழனுக்கும் நாககன்னி ஒருத்திக்கும் பிறந்த மகவு, தொண்டைக் கொடி அடையாளமாகக் கட்டப்பெற்றுக் கடலில் விடப்பட, அலை அதனைக் கரை சேர்த்தது என நச்சினார்க்கினியர் உரைக்கும் கதை தமிழ் மாணவர் அறிந்ததே. கதை வரலாறோ அன்றோ, அதன் கருத்து வெளிப்படை. கலங்களை அழைக்கும் விளக்கினையுடைய நாட்டின் அரசனே கடலால் ஒதுக்கப்பட்டு வந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட குழந்தையின் வழியினன். வருவோரை ஏற்றல் அந்நாட்டில் அரசனின் கொடைமட்டும் அன்று. அவன் குடியின் தோற்றமே அதுதான்.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வரவேற்பின் இலக்கியம். பசியால் வாடிய பாணனுக்கு வழி கூறப்படுகின்றது. வழியில் எயினர் குடியிருப்பில் இன்னது கிடைக்கும், உழவர் ஊரில் இன்னது கிடைக்கும், வலைஞர் குடியில் சுட்ட மீனும் வடித்த கள்ளும் கிடைக்கும் என்று திணைதோறும் ஒரு வாயில் திறக்கின்றது. இவ்வழியைக் கூறுபவன் கொடுக்கும் அரசனல்லன். முன்னர்ச் சென்று பெற்று மீண்ட மற்றொரு வறியவன். தன் வறுமை நீங்கியவன் பிறன் வறுமையைக் கண்டு அழைக்கின்றான். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவை இளங்கோவடிகள் விளக்குகளாலேயே தீட்டுகின்றார். சாந்தும் மலரும் விற்பார் விளக்கு, கம்மியர் விளக்கு, அப்பம் சுடுவார் விளக்கு, மீன் விற்பார் விளக்கு எனத் தொடரும் அந்நிரலின் இறுதிப் பகுதியில் நான்கு விளக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது கலங்கரை விளக்கம். அடுத்தது பரதவர் திமிலில் உள்ள விளக்கு. மூன்றாவது வேற்று மொழி பேசும் நாட்டினர் அவியாது வைத்த விளக்கு. நான்காவது பண்டசாலைக் காவலர் விளக்கு. இந்நிரல் தற்செயலாக அமைந்ததென யாம் எண்ணவில்லை. கலம் அழைக்கப்படுகின்றது, உள்ளூர்ப் பரதவனின் சிறு விளக்கு அதனை எதிர்கொள்கின்றது, வந்தவன் தனக்கென ஒரு விளக்கை ஏற்றி இரவெல்லாம் அதனைக் காக்கின்றான், அவனுக்குப் பின்னால் காவலன் விளக்கோடு நிற்கின்றான். துறைமுகத்தின் வாழ்வு முழுமையும் நான்கு சுடரில் அடங்கிவிடுகின்றது. அழைப்பும் கண்காணிப்பும் ஒரே மணலில் அருகருகே எரிகின்றன என்பதனை இளங்கோவடிகள் மறைக்கவில்லை.

இதே நான்கு விளக்குகளையும் பிற்காலத்தில் உலகின் மற்றொரு கரையிற் காண்கின்றோம். நியூயார்க் துறைமுகத்தில் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் திறக்கப்பெற்ற விடுதலைத் தேவியின் சிலையைக் குறிக்கின்றோம். பிரெஞ்சுச் சிற்பி பர்தோல்டி வடித்தது. உள்ளிருக்கும் இரும்புக் கட்டுமானம் ஐஃபல் என்பாருடையது. சிலை மட்டும் ஏறத்தாழ 46 மீட்டர், பீடத்துடன் 93 மீட்டர் உயரம். இக்கருத்தை முதலில் தோற்றுவித்தவர் லபூலே என்னும் பிரெஞ்சு அறிஞர். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்றவர். தேவியின் காலடியில் அறுந்த தளை கிடக்கின்றது. கீழே நின்று காண்போர் கண்ணுக்கு அத்தளை எளிதிற் புலப்படுவதில்லை. தீவட்டி ஏந்திய கையே உலகறிந்தது. சிற்பி முதலில் எண்ணிய இடமும் நியூயார்க் அன்று. சூயசுக் கால்வாயின் வாயிலில் தீவட்டி ஏந்திய எகிப்திய உழவர் குலப் பெண்ணொருத்தியின் உருவில் ஒரு கலங்கரை விளக்கம் அமைக்க 1869-ஆம் ஆண்டளவில் அவர் எகிப்து நாட்டு ஆட்சியாளரிடம் திட்டம் கூறினார், அது நிறைவேறவில்லை.

நியூயார்க் சிலையும் கலங்கரை விளக்கமாகவே பணியைத் தொடங்கிற்று. 1886 முதல் 1902 வரை அது அமெரிக்கக் கலங்கரை விளக்க வாரியத்தின் பொறுப்பில் இருந்தது. ஆனால் அதன் ஒளி மங்கியது. மாலுமிகளுக்கு அதனாற் பயன் சிறிதே. விளக்கு என்ற வகையில் அது தோல்வி என்றே கூறல் வேண்டும். ஒளியாற் செய்யவியலாததை ஒரு பாட்டுச் செய்தது. எம்மா லாசரசு என்னும் பெண்பாற் புலவர் 1883-ஆம் ஆண்டில் பதினான்கு அடியுடைய கவிதை ஒன்றை எழுதினார். சிலையின் பீடத்துக்குப் பொருள் திரட்டுதற்காக நடைபெற்ற விற்பனைக்கு உதவும்பொருட்டு அது எழுதப்பட்டது. பழங்காலத்து ரோட்சுத் தீவில் வெற்றியின் அடையாளமாக நின்று நிலநடுக்கத்தில் வீழ்ந்த வெண்கலப் பேருருவோடு இப்புதிய உருவை அவர் ஒப்பிட்டு வேறுபடுத்துகின்றார். பழையது வென்றவனின் பெருமை; புதியது நாடிழந்தோர்க்குத் தாய். பாட்டின் பிற்பகுதியில் சிலையே வாய்திறந்து பேசுகின்றது. உலகம் தள்ளிய வறியோரைத் தன்னிடம் அனுப்புமாறு கேட்கின்றது.

1886-ஆம் ஆண்டுத் திறப்பு விழாவில் அப்பாட்டுக்கு இடமில்லை. புலவர் அடுத்த ஆண்டே தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவர் தோழி ஒருவரின் முயற்சியால் 1903-ஆம் ஆண்டில் பாட்டு வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பெற்றுப் பீடத்தினுள் வைக்கப்பட்டது. அதன் பின்னரே அச்சிலை வரவேற்பின் உருவமாக மெல்ல மெல்ல உலகோர் உள்ளத்தில் மாறிற்று. விடுதலை என்ற கருத்தைச் சிற்பி தந்தார். வரவேற்பு என்ற கருத்தைத் தந்தவர் புலவரே.

தமிழ் இலக்கணம் கற்றார்க்கு இச்செய்தி வியப்பளியாது. நடுகல் நாட்டும் முறையினைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறையாக வகுத்தார். கல்லைக் காண்பது முதல் படி. இறுதிப் படி வாழ்த்து. அஃதாவது, பாடப்பெற்ற பின்னரே கல்நாட்டு முற்றுப்பெறும். நாட்டிய கல்லுக்கும் வாழ்த்துக்கும் இடையில் நியூயார்க்கில் பதினேழு ஆண்டு கழிந்தது என்பதே வேறுபாடு. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனக் காதைகளே இப்பெயர் தாங்கி நிற்கின்றன. கண்ணகியின் படிமம் எழுந்த வரலாறே அக்காண்டம்.

அவ்வரலாற்றில் விடுதலையும் வரவேற்பும் எங்ஙனம் இடம்பெறுகின்றன என்பதே எம் கட்டுரையின் நடுவண் பொருள். செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்தான். தமிழரை இகழ்ந்த கனகனையும் விசயனையும் போரில் வென்று சிறைபிடித்தான். கல்லை அவர்கள் முடிமீது ஏற்றிக் கொணர்ந்தான். பத்தினிக்கு எடுத்த படிமக்கல் சிறைப்பட்டோர் தலைமேல் வந்தது. இதனைத் தமிழ் வீரத்தின் கொடுமுடி எனப் பாராட்டுதலே நம் மேடை வழக்கு. இளங்கோவடிகள் அவ்வளவில் நின்றாரல்லர். சிறைப்பட்ட மன்னரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வருமாறு செங்குட்டுவன் அனுப்ப, அவ்விருவரும் போற்றவில்லை. தவவேடம் பூண்டு தப்ப முயன்றோரைப் பிடித்து வந்தது வெற்றியாகாது என்னும் பொருள்படப் பேசினர். செய்தி கேட்ட சேரன் சினந்தான். அப்பொழுது மாடலன் என்னும் மறையோன் நிலையாமையை எடுத்துக்கூறி அவனைத் தணிக்கின்றான். உடனே அரசன் ஆணை மூன்று பிறக்கின்றன. ஆரிய மன்னர் சிறைநீக்கப்பெற்று வேளாவிக்கோ மாளிகையில் தங்க வைக்கப்படுகின்றனர். வேள்வி முடிந்தபின் தம் ஊர் செல்லலாம் எனவும் கூறப்படுகின்றது. நாடெங்கும் சிறைக்கோட்டங்கள் திறக்கப்படுகின்றன. குடிகளின் இறை நீக்கப்படுகின்றது. கல் நடப்படுவது இதன் பின்னர்.

வரிசையை உற்று நோக்குக. படிமம் நிற்பதற்கு முன் தளை அறுகின்றது. நியூயார்க்கில் தேவியின் காலடியில் சிற்பி வைத்த அறுந்த தளையை இளங்கோவடிகள் நிகழ்ச்சியாக வைத்தார். சிறைநீங்கிய அதே மன்னர் வரந்தரு காதையில் படிமத்தின் முன் நிற்கின்றனர். அவர்களோடு குடகரும் மாளுவ வேந்தரும் இலங்கைக் கயவாகுவும் நிற்கின்றனர். நேற்றுக் கல் சுமந்தவர் இன்று விருந்தினர். இது கவிஞர் கற்பனையே என்று வரலாற்றாசிரியர் கூறின் யாம் மறுக்கவில்லை. ஒரு படிமம் எவ்வாறு எழவேண்டும் என்பதில் அக்காலத்துப் புலவர் உள்ளம் கொண்ட கொள்கைக்கு அது சான்றாதல் போதும்.

வாழ்த்துக் காதையில் கண்ணகியும் பேசுகின்றாள். வானத்தில் தோன்றிய அவ்வுருவம், பாண்டியன்மேல் தவறில்லை என்றும், அவன் தேவர்கோன் கோயிலில் விருந்தாயினான் என்றும், தான் அவன் மகளே என்றும் கூறுகின்றது. தன் கணவனைக் கொன்ற அரசனையே அவள் தந்தையாக ஏற்கின்றாள். அவ்விடத்தில் புலவர் எடுத்த சொல் 'விருந்து' என்பது எம்மை மீண்டும் மீண்டும் நிறுத்துகின்றது. லாசரசின் தேவி அயலாரை அழைத்தாள். கண்ணகி பகைவனை ஏற்றாள். இரண்டனுள் எது அரிது என்பதனைக் கற்போர் உள்ளத்துக்கே விடுகின்றோம்.

முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன வேறுபாட்டுக்கு இனி வருவோம். ஆற்றுப்படையில் அழைப்பவன் பெற்றவன். லாசரசின் பாட்டில் அழைப்பது கதவுக்குரியவள். கதவுக்குரியவர் அழைப்பில் ஓர் இடர் உண்டு. அவர் விரும்பின் சாத்தவும் கூடும். அதுவே நிகழ்ந்தது. பாட்டு எழுதப்பெறுவதற்கு முந்திய ஆண்டு 1882-லேயே சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. சிலைப் பீடத்துக்குப் பொருள் கேட்டபொழுது 1885-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த சீனர் ஒருவர், தம் இனத்தாருக்கு மூடிய வாயிலில் நிற்கும் விடுதலைக்குத் தம்மிடமே பொருள் கேட்பதா எனப் பத்திரிகையில் எழுதினார். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரையும் விலக்கிற்று. 1946-ல் ஆண்டுக்கு நூறுபேர் என்னும் சிறு வாயில் திறந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அச்சிலையின் அடியிலேயே புதிய குடியேற்றச் சட்டம் ஒப்பமிடப்பெற்ற பின்னரே, இன்று அங்கே தமிழ்ச் சங்கம் வைத்திருக்கும் நம்மவர் பெருந்தொகையாகச் செல்லும் வழி திறந்தது. காவலர் விளக்கு கலங்கரை விளக்கத்தை மங்கச் செய்த காலமும் உண்டு; கலங்கரை விளக்கம் மீண்டும் சுடர்ந்த காலமும் உண்டு.

எனினும் லாசரசின் அழைப்பை வெறும் உடைமையாளர் அழைப்பு எனத் தள்ளுதல் முறையன்று. அவர் யூதக் குடியினர். 1881-க்குப் பின் உருசியப் பேரரசில் கொடுமைக்கு ஆளாகி ஓடிவந்த யூதருக்குத் துணைநின்றவர். அவருடைய முன்னோரும் ஒருகால் கடல் கடந்து வந்தவரே. ஆகவே தேவியின் குரலுக்குள் பெற்றவன் குரலும் ஒலிக்கின்றது. பாணனைப் பாணன் ஆற்றுப்படுத்தும் மரபுக்கு அப்பாட்டு எவ்வளவு அணித்து என்பதனை ஒப்பியல் மாணவர் விரிவாக ஆராயலாம்.

நம் நாட்டுச் சிலைகளைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். சென்னையில் சிலையும் விடுதலையும் எதிரெதிர் நின்ற காலம் ஒன்றுண்டு. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குவதில் கொடுமை புரிந்த நீல் என்னும் ஆங்கிலத் தளபதியின் சிலையை அகற்றக் கோரி 1927-ல் அறப்போர் நடந்தது. 1937-ல் அச்சிலை அகற்றப்பட்டு அருங்காட்சியகம் சேர்ந்தது. 1959-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை மெரினாவில் எழுந்தது. 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது அக்கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் நிறுவப்பட்டன. அவ்வரிசையில் வள்ளுவரும் ஔவையாரும் கம்பரும் பாரதியும் பாரதிதாசனும் நிற்பதில் புதுமையில்லை. வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெல்லும் நிற்பதே புதுமை. கடல்வழி வந்து தமிழ் கற்றுத் தமிழராகவே மதிக்கப்பெற்ற மூவரை, அவர்கள் வந்த கடலின் எதிரில் நிறுத்தியமை, மொழிபெயர் தேயத்தோர் விளக்கைத் தம் விளக்குகளோடு சேர்த்து எண்ணிய இளங்கோவடிகளின் மரபிற்கு உரியதே. அதே வரிசையில் சிலம்பேந்திய கண்ணகி கையுயர்த்தி நிற்கின்றாள். 2001-ஆம் ஆண்டு அச்சிலை அகற்றப்பட்டதும் 2006-ல் மீண்டும் நிறுவப்பட்டதும் அனைவரும் அறிந்தன. கல்லை அகற்றினும் வாழ்த்துக் காதையை அகற்றவியலாமையின் கல் மீண்டது என்றே யாம் கருதுகின்றோம்.

குமரிமுனைப் பாறைமேல் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையில் பாட்டும் கல்லும் கலந்த முறை தனித்தன்மை வாய்ந்தது. கணபதி தபதியார் அதனை 133 அடியாக அமைத்தார். பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரத் தொகை 38. பொருளும் இன்பமும் சேர்ந்த தொகை 95. நியூயார்க்கில் பாட்டைப் பீடத்துள் பதித்தனர். குமரியில் பாட்டின் எண்ணையே பீடமாக்கினர். அறத்துப்பாலின்மேல் ஏனைய இரண்டும் நிற்பது பொருள்பொதிந்த அமைப்பு. விருந்தோம்பல் என்னும் ஒன்பதாம் அதிகாரமும் அப்பீடத்து முப்பத்தெட்டனுள் அடங்குமாதலின், வரவேற்பு அச்சிலையின் அடிக்கல்லுள் ஒன்று எனக் கூறின் மிகையாகாது. எனினும் எண்ணால் உணர்த்துவது சொல்லால் உணர்த்துவது போலாகாது. படகில் சென்று காணும் எளியவர்க்கு இக்கணக்கை யாரேனும் விளக்கினாலன்றிப் புலனாகாது.

இனி மாணவர் வினாவுக்கு மீள்வோம். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1610-ஆம் ஆண்டளவில் பண்டகசாலை அமைத்தனர். 1613-ல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. துணியும் வெடிமருந்தும் மட்டும் அங்கிருந்து செல்லவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபொழுதெல்லாம் இக்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பெற்று, பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பத்தாவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பசி தாங்காது தம்மையும் தம் மக்களையும் விற்றோரும் அவருட் பலர். ஆற்றுப்படைப் பாணன் பசியோடு கரை நோக்கி வந்தான். அவனுக்குச் சுட்ட மீன் கிடைத்தது. அதே தொண்டைக் கடற்கரைக்குப் பசியோடு வந்த பிற்காலத்தவருக்குத் தளை கிடைத்தது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை நீக்கப்பெற்றது 1843-ல். அதற்கு முன்னரே ஒப்பந்தக் கூலி என்னும் வேறு பெயருடன் கடல்வழிப் போக்கு தொடங்கிவிட்டது. பிசித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியது அதன் துயரையே.

ஆகவே வினா பொய்யன்று. விளக்கு கலத்தை மட்டும் அழைக்கின்றது. கலம் எதற்கு வந்தது என்பதனை அது கேளாது. கேட்பதற்குரியவர் கரையில் வாழ்வோர். வரவேற்பு அறமாவதற்கு வந்தவனும் இருந்தவனும் ஒருவர்க்கொருவர் தளையிடாமை வேண்டும். வேளாவிக்கோ மாளிகை சிறைக்கோட்டத்தைத் திறந்த பின்னரே விருந்து மாளிகையாயிற்று.

இதற்குத் தமிழ்ச் சொற்களே சான்று கூறும். விடு என்னும் பகுதியினின்று விடுதலை பிறந்தது, விடுதி பிறந்தது, முதனிலை திரிந்த தொழிற்பெயராக வீடும் பிறந்தது. பழைய இலக்கியத்துள் வாழுமிடத்துக்கு இல், மனை என்பனவே பெருவழக்கு. வீடு என்பது விடுதல் என்னும் பொருளிலும் உயிரின் விடுதலை என்னும் பொருளிலும் வழங்கிற்று. செங்குட்டுவன் இறை நீக்கியதனைக் கூறுமிடத்தும் இளங்கோவடிகள் இச்சொல்லையே தொகையாக்கி ஆள்கின்றார். பின்னரே அது மக்கள் உறையும் இடத்துக்கும் பெயராயிற்று. வழிச்செல்வோன் சுமையை விட்டுத் தங்குமிடம் விடுதி. கட்டினின்று விடுபடுதல் விடுதலை. அயலானுக்கு இடம் தருதலும் அடிமையின் தளை நீக்குதலும் ஒரே வேரினின்று கிளைத்த சொற்களால் குறிக்கப்படும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் தொடர்பற்ற சொற்கள். லாசரசு அவற்றைப் பாட்டால் இணைக்க வேண்டியிருந்தது.

பழவேற்காட்டில் வரவேற்பின் சான்றுகளும் நிரம்பவுள. அராபிய நாட்டினின்று அடக்குமுறைக்கு அஞ்சிப் படகேறி வந்தோர் வழியினர் என்று தம் மரபைக் கூறும் முசுலிம் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன; அரபு எழுத்தில் தமிழை எழுதும் வழக்கு அவரிடை நிலவியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் எழுப்பிய மாதா கோயில் மரபும் அங்கு உண்டு. ஏரி மீன்பிடிப்பில் பரதவர் பின்பற்றும் 'பாடு' என்னும் முறையும் ஈண்டுக் கருதத்தக்கது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் எனச் சீட்டெடுத்து முறைவைத்துக் கொள்வது அது. வரவேற்பைப் பாடும் புலவர் மறக்கும் ஒன்றை அம்முறை நினைவூட்டுகின்றது. நீர் எல்லையற்றதன்று, பங்கிட வேண்டியது. அப்பங்கீட்டில் இடம்பெறாத குடிகளும் ஏரிக்கரையில் உளர். அவர்தம் முறையீடும் நியாயமுடையதே.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கற்கள் இன்றும் செவ்வையாக உள்ளன. பெயர், நாள், குலச்சின்னம் அனைத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. தொல்லியல் துறையின் காப்பில் அவ்விடம் உளது. கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்கென ஒரு கல்லையும் யாம் அங்குக் கண்டிலேம். தொல்காப்பியர் கூறிய ஆறு துறைகளுள் முதலாகிய காட்சியே அவர்க்கு நிகழவில்லை. எனினும் கல்லில்லாதவிடத்தும் வாழ்த்து இருத்தல் கூடும். வலை இழுக்கும்பொழுதும் துடுப்புப் போடும்பொழுதும் பரதவர் பாடும் அம்பாப் பாடல்களில் கப்பல், தீவு, திரும்பாதவன் ஆகியோரைப் பற்றிய அடிகள் பிற கடற்கரைகளில் உண்டா, இக்குப்பங்களில் உண்டா என்பது முறையாகத் தேடத்தக்கது. வினா எழுப்பிய மாணவரே அப்பணியை முதுகலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டுள்ளார். லைட்ஹவுஸ் குப்பத்தினின்று தொடங்கித் தெற்கே செல்வதாக அவர் திட்டம்.